இடைத்தங்கல்



பயணத்தின் நடுவே வந்து குறுக்கிடும் காத்திருப்பைப் போல மனிதர் வெறுக்கும் பொழுது வேறொன்றில்லை. வீட்டில் இருக்கும்போது பொழுது போவது தெரிவதில்லை. வழியிற் செல்லும்போதும் தெரிவதில்லை. வீடும் இல்லை, வழியும் இல்லை என்ற நிலையில், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்திருக்கும் அந்த இடைவேளைதான் நகர மறுக்கிறது. இத்தகைய பொழுதினை இடைத்தங்கல் என்று தமிழில் வழங்குவர். அந்தச் சொல்லைப் பற்றியும், அப்பொழுதினைப் பயன்கொள்ளும் வகையைப் பற்றியும் சிறிது சிந்திப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

திருகோணமலை நகரில் உவர்மலை என்றொரு மேட்டுப் பகுதி உண்டு. ஓர்ஸ் ஹில் என்ற ஆங்கிலப் பெயராலும் அது அறியப்படும். உட்துறைமுகத்தை அடுத்து அமைந்த அம்மேட்டில் ஒரு வீட்டு விறாந்தையை நேயர்கள் மனக்கண்ணால் காண்பார்களாக. காலை 9 மணி. கொழும்பிலிருந்து அலுவலக வேலையாக வந்த இளைஞர் ஒருவர் அங்கே நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கிறார். வந்த வேலை நேற்றே முடிந்துவிட்டது. சீனக்குடா விமானத் தளத்திலிருந்து காலையில் அவர் ஏறவேண்டிய சிறிய விமானம் பிற்பகலுக்குப் பிந்திவிட்டது. பஸ்ஸிலே புறப்பட்டால் கொழும்பை அடைய அதைவிட நேரமாகும். ஆகவே, தந்தையாரின் பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பெரியவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"இரண்டு மணிக்கு விமானத் தளத்தில் நிற்க வேண்டும், மாமா. அதுவரையில் ஐந்து மணித்தியாலம் வீணாகப் போகிறது" என்றார் இளைஞர்.

"திருகோணமலையில் ஐந்து மணித்தியாலத்தை வீணாக்குவது அவ்வளவு எளிதல்ல, தம்பி. முதலில் தேநீரைக் குடியுங்கள். ஊரைப் பார்த்திருக்கிறீர்களா?"

"மூன்று முறை வந்திருக்கிறேன். அலுவலகத்தையும் தங்கும் விடுதியையும் பார்த்திருக்கிறேன்."

பெரியவர் சிரித்தார். "அப்படியானால் இன்றுதான் முதன்முறையாக வந்திருக்கிறீர்கள்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டார்.

இளைஞர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அவர் காத்திருக்க நேர்ந்த ஊர், காத்திருப்பதற்கென்றே இயற்கை அமைத்துவைத்த ஊராகும். பாய்க்கப்பல்கள் கடலை ஆண்ட காலத்தில் காற்றே மாலுமிகளுக்கு எசமானன். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்தால், சோழமண்டலக் கரையிலே கப்பல்களுக்குப் புகலிடம் கிடையாது. சென்னையின் முன்னே கடல் திறந்து கிடந்தது. இன்று நாம் காணும் துறைமுகம் அன்று இல்லை. புயலுக்கு அஞ்சிய போர்க்கப்பல்கள் அக்கரையை விட்டு நெடுந்தூரத்துப் பம்பாய்க்குப் போகவேண்டியிருந்தது. சோழமண்டலக் கரைக்கு அணித்தாக, குன்றுகள் சூழ்ந்து, எந்தப் பருவக் காற்றும் உள்ளே புகுந்து அலைக்காத ஆழமான துறைமுகமாக இருந்தது திருகோணமலையே. கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு, முறிந்த பாய்மரத்தைச் செப்பனிட்டு, நீரும் விறகும் ஏற்றி, நோயாளரைத் தேற்றிக் காற்று மாறும்வரை இருக்கலாம்.

அவ்வாறு காத்திருக்கும் இடத்துக்காகவே வல்லரசுகள் பொருதன. 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே இவ்வூர்க் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிற்று. பின்னர் மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்து, 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கிலேயக் கடற்படைத் தளம் 1957 இல்தான் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. காத்திருப்பதற்கு ஒரு நல்ல இடம் எவ்வளவு பெறுமதியுடையது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றதன்றோ?

இத்துறையை அண்டித் தங்க வந்த ஒரு கப்பலின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. 1659 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மசூலிப்பட்டினத்துக் கரையில் எழுந்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடுவதற்காகத் திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. சில வாரத் தங்கலே நோக்கம். ஆனால், 1660 இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகனையும் வேறு சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். மகன் பெயர் றொபேட் நொக்ஸ். அப்போது வயது 19. மறு ஆண்டில் தந்தை காய்ச்சலால் இறந்தார். பாய்மரம் செப்பனிட வந்த இளைஞனின் இடைத்தங்கல் ஏறக்குறைய 20 ஆண்டு நீண்டது.

அந்த 20 ஆண்டில் நொக்ஸ் செய்தவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் மக்கள் மொழியைக் கற்றார். தொப்பி பின்னி விற்றார். கமம் செய்தார். பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து ஆங்கில விவிலிய நூல் ஒன்றை வாங்கினார். உழவு எவ்வாறு நடக்கிறது, வழக்கு எவ்வாறு தீர்க்கப்படுகிறது, மக்கள் எதை உண்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர் என்பவற்றையெல்லாம் உற்று நோக்கினார். சிறு பொருட்களைச் சுமந்து ஊரூராக விற்கும் வியாபாரியாய் வடதிசை நோக்கி மீண்டும் மீண்டும் சென்றார். அந்த வியாபாரத்திலே வழியையும் கற்றுக்கொண்டார். 1679 இல் தோழர் ஒருவருடன் காட்டினூடே அருவியாற்றைத் தொடர்ந்து நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல், 17 ஆம் நூற்றாண்டின் கண்டி இராச்சியத்து மக்கள் வாழ்வை அறிய இன்றும் ஆராய்ச்சியாளர் நாடும் மூலநூலாக விளங்குகிறது.

சிறைப்பட்ட வாழ்வைப் புகழ்வதற்காக இக்கதையைச் சொல்லவில்லை. அது கொடிய வாழ்வு. ஆயினும் கண்ணைத் திறந்து வைத்திருந்தவருக்கு அவ்வாழ்வே வெளியேறும் வழியையும் கற்பித்தது என்பதே இங்கு கருதத்தக்கது.

இருபது ஆண்டு ஒருபுறம் இருக்க, ஒரே ஒரு பிற்பகல் என்ன செய்யும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஆதர் சீ. கிளார்க் 1954 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கப்பல் மூலம் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றுகொண்டிருந்தார். கப்பல் கொழும்பில் அரைநாள் நின்றது. அவர் கப்பலிலேயே படுத்துறங்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் கரையிறங்கி, கடலடி உயிர்களை நன்கறிந்த ரொட்னி ஜொங்க்லாஸ் என்ற இலங்கையரைச் சந்தித்து உரையாடினார். அந்த அரைநாளின் விளைவாக 1956 இல் இலங்கைக்கு மீண்டு வந்தார். பின்னர் இங்கேயே குடியிருந்து, 2008 இல் கொழும்பில் காலமானார்.

கிளார்க்கின் கதை நம்மை மீண்டும் திருகோணமலைக்கே அழைத்து வருகிறது. 1956 இல் அவரும் அவருடைய தோழர் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியிலே கடலில் மூழ்கியபோது, செதுக்கிய கற்களும் தூண்களும் நீரடியிற் கிடப்பதைக் கண்டனர். அவை 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகள். அரைநாள் இறங்கியவர், முந்நூறு ஆண்டுகளாகக் கடலடியில் கிடந்தவற்றை உலகறியச் செய்வதில் பங்குகொண்டார்.

இனி, நம் இளைஞரிடம் மீளுவோம். பெரியவரும் அவரும் உட்துறைமுகத்தின் ஓரமாக நடந்து, பின் முச்சக்கர வண்டி ஒன்றில் ஏறிக் கோட்டை வாயிலை அடைந்தனர். பிரெட்றிக் கோட்டை என்று ஆங்கிலேயர் பெயரிட்ட அக்கோட்டையினுள்ளே புள்ளிமான்கள் மரநிழலில் படுத்திருந்தன. இளைஞர் கையிலிருந்த பிஸ்கட்டை நீட்டப் போனார். பெரியவர் தடுத்தார். "வேண்டாம், தம்பி. இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் இவை புல்லை விட்டுத் தெருவில் பொலித்தீனைத் தின்னப் பழகிவிட்டன."

வழியிலே வெலிங்டன் பெயரால் அறியப்படும் பழைய வீட்டைக் காட்டினார். பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகிய ஆதர் வெல்லெஸ்லி, 1800 ஆம் ஆண்டின் இறுதியில் படையோடு இவ்வூருக்கு வந்து, அடுத்த கட்டளையை எதிர்நோக்கி இருந்தார். அவர் இங்கே நோயுற்றதனால் கப்பலைத் தவறவிட்டார் என்றும், அக்கப்பல் மூழ்கியதால் உயிர் தப்பினார் என்றும் ஊரிலே ஒரு கதை வழங்குகிறது. உண்மையில் அவர் நோயுற்றது 1801 இல் பம்பாய்க்குச் சென்ற பின்னரே. "கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் பெரியவர். ஊர் பார்ப்பவர் ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்க அறிவுரை அது.

சுவாமி மலையின் மீது கோணேசப் பெருமானை வணங்கி, இராவணன் வெட்டு என வழங்கும் பாறைப் பிளவினருகே இருவரும் நின்றனர். செங்குத்தான பாறையின் கீழே கடல் நீலமாய்க் கிடந்தது. திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு வராமலே, இராமேசுவரத்தில் இருந்தவாறு இதனைப் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். வாராதவர் பாடினார், மூன்று முறை வந்தவர் இன்றுதான் கண்டார். இளைஞர் அதனை உணர்ந்தவர்போலச் சற்று நேரம் பேசாது நின்றார். பின்பு, "இந்த இடைத்தங்கல் கிடைத்தது நல்லதாயிற்று, மாமா" என்றார்.

பெரியவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. தெற்கே, கொட்டியாரக் குடாவின் பக்கமாகக் கையை நீட்டினார். "அந்தச் சொல்லை இந்த மாவட்டத்தில் சொல்லும்போது எனக்கு வேறொன்று நினைவு வரும், தம்பி. குடாவின் மறுகரையில் மூதூர். அதற்கு அப்பால் சம்பூர். 2006 ஆம் ஆண்டுப் போரில் அந்த மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். அவர்களை வைத்த முகாமுக்கு இடைத்தங்கல் முகாம் என்றுதான் பெயர். 2015 இல்தான் சொந்த நிலத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். உங்கள் இடைத்தங்கல் ஐந்து மணித்தியாலம். அவர்களுடையது ஒன்பது ஆண்டு."

நேயர்களே, இடைத்தங்கல் என்ற அதே சொல் ஒருவருக்குப் பிந்திய விமானம்; மற்றவருக்கு இழந்த கிணறும் வளவும். முகாமில் பிறந்த குழந்தை, சொந்த ஊரைக் காணுமுன் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாகிவிட்டது. தகரக் கூரையின் கீழே விளக்கு வைத்துப் படித்த பிள்ளைகளும், பானையும் பாயும் மட்டுமே கொண்ட குடிலிலும் வாசலைக் கூட்டித் தெளித்த தாய்மாரும், காத்திருப்பை வாழ்வாக்கும் வித்தையை எந்த நூலிலும் கற்றவர்கள் அல்லர். அவர்கள் அப்பொழுதைத் தெரிந்தெடுக்கவில்லை. அது அவர்கள்மீது சுமத்தப்பட்டது. ஆதலால், பயணத்திலே சில மணித்தியாலம் காத்திருக்க நேர்ந்ததைப் பெருந்துன்பமாகக் கூறிக்கொள்வோர், அந்தச் சொல்லின் முழுப் பாரத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

இவற்றையெல்லாம் கேட்டபின், நடைமுறையிலே செய்யத்தக்கது யாது என்ற வினா எழுதல் இயல்பு. அதற்கும் சில சொற்கள் உரியன.

முதலாவதாக, திரும்பவேண்டிய நேரத்தை நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும். எப்போது புறப்படல், எப்போது அங்கே நிற்றல், வழிக்கு எவ்வளவு நேரம், எதிர்பாராத தடைக்கு எவ்வளவு நேரம் என்று கழித்துவிட்டு, எஞ்சியதையே தன்னுடையதாகக் கொள்ளுதல் வேண்டும். கணக்கிடாமல் புறப்படுவோர் ஊரைப் பார்ப்பதில்லை; மணிக்கூட்டையே பார்க்கின்றனர்.

இரண்டாவதாக, எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசையை விடல் வேண்டும். ஐந்து மணித்தியாலத்தில் கோட்டையையும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும், நிலாவெளிக் கடற்கரையையும், யுத்த மயானத்தையும் காண விரைபவர் வாகனத்தின் கண்ணாடியை மட்டுமே காண்பர். ஓரிடத்தைத் தெரிந்து, அங்கே காலாற நடத்தல் வேண்டும். சூடு மிகுந்த கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகலைத் தவிர்த்துக் காலையிலேயே புறப்படுதல் நன்று. கோயிலுக்குச் செல்பவர் நடுப்பகலில் நடை சாத்தும் நேரத்தை முன்னரே கேட்டறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஊரவர் ஒருவரோடு பேசுதல் வேண்டும். மீன்பிடித்து வந்தவரிடம் காற்றைப் பற்றிக் கேட்கலாம். தேநீர்க்கடைக்காரரிடம் முன்னைய தெருவைப் பற்றிக் கேட்கலாம். கிண்ணியாவைச் சேர்ந்த முதியவரிடம் கேட்டால், 2009 இல் பாலம் திறக்கப்படுமுன் களப்பைக் கடக்கப் 'பாதை' எனப்படும் மிதவைக்குக் காத்திருந்த நாட்களைச் சொல்வார். துறைக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று, ஒருவர் சுமையை மற்றவர் தூக்கிவிட்ட காட்சியை அவர் மறந்திருக்கமாட்டார். பாலம் வந்தது பெரும் நன்மை. நோயாளிக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் உயிர் காக்கும் நன்மை. ஆயினும் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசிய அந்த அரைமணித்தியாலத்துக்கு இனி வேறோர் இடம் தேடிக்கொள்ளல் வேண்டும்.

நான்காவதாக, கண்டதையும் கேட்டதையும் அன்றே நான்கு வரியாவது எழுதிவைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்த நூறு படம் காட்டாததை நான்கு வரி காட்டும். படம் கண்முன் நின்றதைக் காட்டும். எழுத்தோ அதனைக் கண்டபோது மனத்தில் எழுந்ததைக் காட்டும்.

ஐந்தாவதாக, விருந்தினர் என்ற நினைவோடு நடத்தல் வேண்டும். கோட்டையினுள்ளே படையினர் இருப்பதனால், படம் பிடிக்கத் தடைசெய்த இடங்களில் அத்தடையை மதித்தல் முறை. திருத்தலத்தில் அதற்குரிய உடையும் ஒழுக்கமும் வேண்டும். கடற்கரையில் வெற்றுப் போத்தலை எறிந்துவிட்டு வருபவர், அவ்வூரைப் பயன்கொண்டவர் அல்லர், அதற்குப் பாரமானவர்.

பயணியின் கடமை இவ்வாறாக, ஊரவரின் கடமையும் ஒன்றுண்டு. வந்தவருக்கு வழிகாட்டக்கூடிய பெரியவர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றார். ஆனால், தம் ஊரின் பழைமையைத் தாமே அறியாத பிள்ளைகள் வளர்ந்து வருகின்றனர். சுவாமி மலையின் நிழலில் வாழ்ந்தும், நீரடியிற் கிடக்கும் தூண்களைப் பற்றிக் கேட்டறியாத மாணவன், தன் ஊரிலேயே இடைத்தங்கும் பயணியாவான். அவனுக்கு ஊரைக் காட்டுதல் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய பணியாகும்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நம் இளைஞர் சீனக்குடாவை அடைந்தார். விமானம் மேலும் அரைமணித்தியாலம் பிந்தும் என்று அறிவித்தனர். அருகிலிருந்தவர்கள் முணுமுணுத்தனர். அவரோ அலுவலகக் குறிப்புப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். முதலில் மான்களைப் பற்றி எழுதினார். அடுத்து நொக்ஸ் என்ற பெயரை எழுதி, அந்நூலைத் தேடிப் படிக்கவேண்டும் என்று குறித்துக்கொண்டார். பிறகு சம்பூர் என்று எழுதினார். அந்தப் பெயருக்குப் பின் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் அதனையே பார்த்திருந்தார். விமானத்தில் ஏற அழைத்த குரல் அவருக்கு இரண்டாம் முறையே கேட்டது.

நேயர்களே, ஆயுளைக் கணக்கிடும்போது காத்திருந்த பொழுதுகளை யாரும் கழித்துவிடுவதில்லை. அவையும் வாழ்நாளே. ஆகையால், அவற்றையும் வாழ்ந்துவிடுதலே அறிவுடைமை.